ஒரம்பரை

சாவிக்கொத்தில் மூன்று சாவி,
ஒரு பென் டிரைவ்.
சாவி மூன்றும் அடுத்தவர் ஆபீசுக்கு.
விரல் நீளத்தில் தொங்கும் அதுதான் என் வீடு.

காலையில் வீரபாண்டிச் சாயப்பட்டறை,
மதியம் மங்கலம் ரோட்டில் பிரிண்டிங்,
ஆறுமணிக்கு மேல் காதர்பேட்டையில்
செகண்ட்ஸ் பனியனை எடைபோட்டு விற்கும் கடை.
மூன்று இடத்துக்கும் கணக்கு நான்.
ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ்,
ஒன்றில் முதலாளி மகனின் கார் பந்தயம்,
ஒன்றில் ஹார்ட் டிஸ்க்கே இல்லை.
ஆடியில் செத்ததைக் கழற்றிப்போன சர்வீஸ்காரர்
தீபாவளி போனஸ் போட்ட பிறகும் வரவில்லை.

எனக்கென்ன.
செருகி, பவரை அமுக்கி,
எஃப் பன்னிரண்டைத் தட்டிக்கொண்டே இருந்தால்
மெனு வந்து யாரென்று கேட்கும்.
கறுப்பில் வெள்ளை எழுத்து கடகடவென்று ஓடி
ஒரு டீ ஆறுவதற்குள்
என் தமிழ் விசைப்பலகை, என் வவுச்சர் படிவம்,
பவானிசாகரில் காற்று புடவையை இழுத்த படம்.

அந்த டிஸ்க் பக்கம் போவதேயில்லை.
ஒரம்பரைக்கு வந்தவள்
அந்த வீட்டு பீரோவைத் திறப்பாளா?
குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த மாதிரி
கிளம்பிவிடுவேன்.

பிரிண்டிங்கில் டிசைன் பிரிக்கும் கோகிலவாணி
ஒருநாள் நாற்காலியை இழுத்துப்போட்டாள்.
'சூப்பர்வைசர் என் ஃபோல்டரை நோண்டறானுங்கக்கா.
எனக்கும் இப்படி ஒண்ணு பண்ணிக் குடுங்க.'

புதிதாகச் செய்ய மூன்று ஞாயிறு ஆகும்,
பிரிண்டரோடு மல்லுக்கட்ட மட்டும் ஒன்று.
நகல் என்றால் ஒரு மத்தியானம்.

அனுப்பர்பாளையத்தில், கரண்ட் இருந்த ஒரு ஞாயிறு.
ஓடிக்கொண்டே தன்னைத் தான் நகலெடுக்க முடியாது.
அது தூங்க வேண்டும்,
பக்கத்தில் வேறொன்று விழித்திருக்க வேண்டும்.
மூன்றாவதாக ஒரு டிரைவ் கடன் வாங்கினேன்.

எதிலிருந்து, எதற்கு.
கட்டளை அவ்வளவுதான்.
பி-யா, சி-யா, ஓர் எழுத்து மாறினால்
அவளுடைய வெற்றிடம் வந்து
என் மூன்று வருஷத்தின் மேல் உட்காரும்.
மூன்று தடவை படித்தேன்.
என்டரைத் தொட்ட விரல் சில்லிட்டிருந்தது.

கர்சர் சிமிட்டியது, ஒன்றும் சொல்லவில்லை.
ஐம்பது நிமிஷம் கழித்துச் சொன்னது: இடம் போதவில்லை.
இரண்டும் முப்பத்திரண்டு ஜிபிதான்,
கம்பெனிதான் வேறு.
கிலோவுக்கு ஐம்பது கிராம் அடிக்கும் நூல்கடைக்காரர்
இங்கேயும் தராசு வைத்திருக்கிறார் போல.

அறுபத்துநாலு வாங்கி மறுபடி.
எழுதியது மட்டுமா போகிறது,
எழுதி அழித்தது கிடந்த காலியிடமும்
வரிசை பிசகாமல் போகிறது.

முடிந்ததும் இரண்டையும் ஒரே மெஷினில் செருகினேன்.
இரண்டுக்கும் ஒரே அடையாள எண்,
யார் யாரென்று அதற்குத் திகைப்பு.
புதியதற்கு வேறு எண் போட்டு
மூடியில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு.
பிறகு உட்கார்ந்து அதிலிருந்த என்னைத் துடைத்தேன்:
நகைச்சீட்டுக் கணக்கு, மருந்துச் சீட்டின் படம்,
பாஸ்வேர்டு, பவானிசாகர்.

'வீடு மாதிரி இருக்குதுங்கக்கா,' என்றாள் முதல்நாள்.

பத்துநாள் கழித்து அவள் நாற்காலியில் வேறு பையன்.
ராத்திரி போன் வந்தது,
பின்னால் டவுன் பஸ் ஹாரன்.
'அவினாசி ரோட்டுல புது வேலைங்கக்கா.
"மற்றவை"ங்கிற ஃபோல்டர்ல ஒரு லெட்டர் இருந்துச்சு.
அடேங்கப்பா, எப்படி எழுதியிருக்கீங்க!
பேரையும் தேதியையும் மாத்திக் குடுத்துட்டேன்.
நீங்க எப்பக் குடுத்தீங்க?'

ரெண்டு வருஷத்துக்கு முந்தைய கார்த்திகை.
கடைசி வரியில் 'இப்படிக்கு' என்று அடித்து
கரண்ட் போனதால் விட்டது.

'நல்லா இரு சாமி,' என்று வைத்தேன்.

இன்று வீரபாண்டியில் கதவைத் திறந்தேன்.
நேற்றைய நீலம் தரையில் காயவில்லை.
செருகி, பவரை அமுக்கி,
எஃப் பன்னிரண்டைத் தட்டினேன்.
மெனு வந்து கேட்டது.

கொஞ்சநேரம்
பதில் சொல்லாமல் நின்றிருந்தேன்.